சிவப்பு உருண்டைக்குச் சோறு போடுறது யாரு?

பட்டணத்து நண்பர்கள் வீட்டுக்குப் போனா, மேசைமேல இப்போ தவறாம ஒண்ணு இருக்கு. உள்ளங்கை அளவு தொட்டி, அதுல ஒரு பச்சைத் தண்டு, அதன் தலையில சிவப்பாவோ மஞ்சளாவோ ஒரு உருண்டை. மூன் கேக்டஸ். "தண்ணியே வேண்டாம், வெயிலும் வேண்டாம், கம்ப்யூட்டர் கதிர்வீச்சை இழுத்துக்கும்" என்று சொல்லி விக்கிறாங்க. மூணும் பொய்.

முதல்ல, அது ஒரு செடியே இல்லீங்க, ரெண்டு செடி. மேலே இருப்பது பராகுவே பக்கத்துச் சின்னக் கள்ளி ஒண்ணோட நிறம் மாறின வகை. 1941-இல் ஜப்பானில் எய்ஜி வாட்டனாபே என்பவர் நாற்றுகளுக்கு நடுவே சிவப்பா முளைச்சதைக் கண்டெடுத்தார். அதுக்குப் பச்சையம் கிடையாது. சொந்தமா உணவு தயாரிக்க முடியாது, தனியா விட்டா நாற்றிலேயே செத்துப்போகும். அதனால இன்னொரு கள்ளியின் தலையைச் சீவி, அதுமேல ஒட்டுக் கட்டினாங்க. இன்னைக்குத் தென்கொரியாவில் இது பெரிய ஏற்றுமதித் தொழில். கீழே இருக்கிற மூணு பட்டைத் தண்டு, நம்ம பக்கம் கல்தூண் நட்டு ஏத்திவிடுற டிராகன் பழத்தோட சொந்தக்காரன்.

ஒட்டு எங்களுக்குப் புதுசில்லை. ஒட்டு மாவில் வேர் கீழ்ச்செடியோடது, இலை மேல்செடியோடது. ஒண்ணு தண்ணி கொடுக்கும், இன்னொண்ணு சோறு கொடுக்கும். இங்கே மேலே உட்கார்ந்திருப்பவர் வாங்கிச் சாப்பிட மட்டும்தான். ரெண்டு வயித்துக்கும் சமைக்கிறது அந்தப் பச்சைத் தண்டு. அதைக் கொண்டுபோய் ஏசி அறை மூலையில வெச்சா எதை வெச்சுச் சமைக்கும்? நல்ல வெளிச்சம் வேணும். ஆனா உச்சி வெயில் பட்டா சிவப்புத் தோல் வெந்துபோகும். காலை வெயில் விழுற ஜன்னல் சரியான இடம். மண் முழுசா காய்ஞ்சதும் நல்லா ஊத்தணும், ஊத்தின தண்ணி வடியணும். ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்துல வெச்சு விக்கிறது, அழுகட்டும்னு விக்கிறதுதான்.

இவ்வளவும் செஞ்சாலும் பெரும்பாலும் சில வருஷம்தான் ஆயுசு. தண்டு வேகமா வளரும், உருண்டை மெதுவா வளரும், ஒட்டு விட்டுப்போகும். இதைக் கடையில சொல்றாங்களா? சொல்றதில்லை. நீங்களும் 'நம்ம கைராசி அவ்வளவுதான்'னு நினைச்சு அடுத்ததை வாங்குறீங்க. ஒட்டு மாங்கன்னு விக்கிறவன் ரகத்தை மறைச்சா ஊர்ல சட்டையைப் பிடிப்போம்.

அடுத்த தடவை உருண்டையைப் பார்க்காதீங்க. தண்டை அழுத்திப் பாருங்க, கெட்டியா இருக்கணும். ஒட்டுக் கட்டி எத்தனை மாசமாச்சுன்னு கேளுங்க. பக்கத்துல குட்டி விட்டிருந்தா அதைப் புதுத் தண்டுல ஒட்டவும் கத்துக்கலாம், கத்தி சுத்தமா இருந்தா போதும்.