எந்தச் சத்தத்தை நிப்பாட்டப் போறீங்கள்?

ஹைபிரிட் கார் வாங்கின ஆக்களில் கனபேருக்கு முதல் மாதத்திலேயே ஒரு கோபம் வந்துவிடுகிறது. பெற்றறியைப் பற்றிய கவலை பிறகுதான் வரும். முதலில் வருவது, றிவேர்ஸ் போட்டவுடன் 'பீப் பீப் பீப்' என்று கத்தத் தொடங்கி, கியரை மாற்றும்வரை ஓயாத அந்தச் சத்தத்தின் மேலான கோபம். "மச்சான், தலையிடிக்குது. இதை நிப்பாட்டித் தர ஆரும் இருக்கினமோ?" என்று கேட்பார்கள். இருக்கினம். ஸ்கேனர் வைத்திருக்கிற கராஜ்களில் "அண்ணை, எல்லாச் சத்தத்தையும் நிப்பாட்டித் தாறன்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அந்த 'எல்லா' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் காரில் இருப்பது ஒரு சத்தம் அல்ல, இரண்டு. ஒன்று காருக்கு உள்ளே, மற்றது வெளியே. இரண்டையும் ஒரே தொல்லையாக நினைத்து ஒரே கத்தரிக்கோலால் வெட்டுகிறோம்.

உள்ளே கேட்பதை முதலில் பார்ப்போம். டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறையிலிருந்து அதன் கியர் லீவர் ஒரு சின்னக் கைபிடிதான். றிவேர்சுக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது திரும்பவும் நடுவுக்கு வந்து நிற்கும். பழைய காரில் லீவரைத் தொட்டே எந்தக் கியரில் இருக்கிறோம் என்று சொல்லலாம். இதில் ஏலாது. எஞ்சினும் பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கும், முன்னுக்குப் போகப் போகிறதோ பின்னுக்கு வரப் போகிறதோ என்று காதாலும் அறிய முடியாது. ஆகவே கார் ஓட்டுநருக்குச் சொல்கிறது: "கவனம், இப்ப கால் வைத்தால் பின்னுக்குப் போவன்." அவ்வளவுதான். அது வெளியில் நிற்பவருக்கான எச்சரிக்கை அல்ல. சந்தேகமென்றால், ஒருவரை உள்ளே இருத்தி, பிரேக்கில் கால் வைத்தபடி றிவேர்ஸ் போடச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காரின் பக்கவாட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். பின்னால் போகிற காரின் அலறலைக் கேட்கவேண்டிய ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது கேட்கும்.

இந்தச் சத்தத்தைக் குறையுங்கள். எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. தொடர்ந்து கத்துவதை ஒரேயொரு 'பீப்' ஆக மாற்றுகிற அமைப்பு பல டொயோட்டாக்களில் இருக்கிறது, ஸ்கேனர் வைத்திருப்பவர் சில நிமிடங்களில் மாற்றித் தருவார். நான் என்றால் முழுதாக நிப்பாட்டாமல் அந்த ஒரு 'பீப்'பை விட்டுவைப்பேன். எங்கட வீடுகளில் ஒரு காரை ஒரு ஆள் மட்டும் ஓடுவதில்லை. தம்பியும் ஓடுவான், கொழும்பிலிருந்து வந்த மச்சானும் ஓடுவார், அவர்களுக்கு அந்த லீவர் பழக்கம் இல்லை.

அடுத்தது வெளியே வருகிற சத்தம். முன் பம்பர்ப் பக்கம் ஒளிந்திருக்கிற சின்ன ஸ்பீக்கரிலிருந்து, கார் மெதுவாக ஊரும்போது 'ஊஊம்' என்று வருவது. இது சும்மா வந்ததல்ல. 2009 இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. வேகம் குறைக்கும்போது, பின்னால் எடுக்கும்போது, நிறுத்துமிடத்துக்குள் போய்வரும்போது, பாதசாரி மீது மோதுகிற வாய்ப்பு மற்றக் கார்களை விட ஹைபிரிட்டுகளுக்கு இரண்டு மடங்கு என்றது அது. அந்த நாட்டின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு இதற்காகத் தொடர்ந்து நெருக்கி, 2011 ஜனவரியில் ஒரு சட்டத்தையே வரவைத்தது. ஜப்பான் 2010 இல் வழிகாட்டல் வெளியிட்டது, அந்த வருடம் ஓகஸ்டில் டொயோட்டா பிரியஸுக்குப் பூட்டக்கூடிய ஸ்பீக்கரைத் தனியாக விற்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் 2021 யூலையிலிருந்து புதிய ஹைபிரிட், மின்சாரக் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். இந்த விடயத்துக்கான ஐ.நா. ஒழுங்குவிதியின் முதல் வடிவில் ஓட்டுநர் சத்தத்தை நிறுத்திவைக்க ஒரு பொத்தானுக்கு இடம் இருந்தது. பிறகு வந்த திருத்தம் அந்தப் பொத்தானையே தடை செய்தது. ஏனென்றால் பொத்தான் இருந்தால் மனிதர் அமத்துவார். எங்கட கராஜ்களில் நடப்பது அந்தப் பொத்தானைத் திரும்பக் கண்டுபிடிக்கிற வேலை.

"ஆனா ஊருக்கே இரைச்சலா இருக்கே" என்பது அடுத்த வாதம். எண்களைப் பாருங்கள். அதே ஒழுங்குவிதி, கார் பின்னுக்கு வரும்போது கேட்கிறது குறைந்தது 47 டெசிபெல். மணிக்கு 20 கிலோமீற்றரில் 56. எப்படிப் போனாலும் 75 ஐத் தாண்டக்கூடாது. 47 என்பது இரண்டு பேர் சாதாரணமாகக் கதைப்பதை விடக் குறைவு. லொறிகளில் பூட்டுகிற றிவேர்ஸ் அலாரங்கள் கிட்ட நின்று அளந்தால் 97, 107, 112 டெசிபெல் என்று போகும். ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் வைத்து இந்த எண்களை ஒப்பிடுங்கள். அயலட்டையின் நித்திரையைக் கெடுப்பது ஹைபிரிட்டின் முனகல் அல்ல. வானிலும் ஓட்டோவிலும் பிறகு வாங்கிப் பூட்டின, விடியக்காலை ஐந்து மணிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிற பெட்டிகள்தான். அவற்றைக் கழட்ட யாராவது இயக்கம் தொடங்கினால் முதல் கையெழுத்து என்னுடையது.

சத்தம் என்றவுடன் எங்கட நாடு யாரை அடக்குகிறது என்பதும் வேடிக்கை. பீதோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிற பாண் ஓட்டோக்காரரை, ஒலிபெருக்கி அனுமதி இல்லை என்று சில வருடங்களுக்கு முன்னர் பொலிஸ் மடக்கியது. அந்த மனிதர் பாண் விற்பதற்காகச் சத்தம் போட்டார். அதில் ஒரு நன்மையும் இருந்தது: எந்த மூலையிலிருந்து வருகிறார் என்று கண் தெரியாத கிழவிக்கும் தெரியும். கார் வைத்திருப்பவர் தன் காரின் குரலை அறுத்துவிட்டு வந்தால் அவரை நிறுத்திக் கேட்க ஒருத்தரும் இல்லை. ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோமே, அங்கே காரின் பின்பக்கத்தில் குழாயைச் செருகிப் பார்க்கிறார்கள். முன்பக்கத்து ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு நிமிடம் போதும்.

இன்னொரு சிக்கல், எங்களிடம் இருக்கிற வண்டிகளின் வயது. ஜப்பானில் இந்தச் சத்தம் 2018 மார்ச்சிலிருந்து புதிய மொடல்களுக்கும், 2020 ஒக்டோபரிலிருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்த மொடல்களுக்கும் கட்டாயமானது. இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது, தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே இப்போது தெருவில் ஓடுகிற பிரியஸ், அக்குவா, வெசல்களில் பெரும்பகுதி அந்தச் சட்டம் முழுதாக இறுகுவதற்கு முன்னர் செய்தவை. சிலவற்றில் ஸ்பீக்கர் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருப்பதையும் கழட்டினால் என்ன மிஞ்சும்?

(இந்தக் கார்கள் பேசாதவை என்றும் இல்லை. ஸ்டார்ட் பண்ணினவுடன் ஒரு ஜப்பானியப் பெண் குரல், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்று வருடக்கணக்காக முறையிட்டுக்கொண்டிருக்கிறது. லொறி பின்னால் வரும்போது "பக்கு ஷிமஸ், கோச்சூயி குதசாய்" என்கிறது: பின்னுக்கு வருகிறேன், கவனம். ஒரு சொல்லும் விளங்காமலே விலகப் பழகிவிட்டோம்.)

யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றை நினையுங்கள். முன்னர் கிடுகு வேலி, ஓட்டைக்குள்ளால் அங்காலே அசைவது தெரியும். இப்போது ஆளுயரத்துக்கு மேலே மதில். படலை திறந்தால் நேரே பாதை, நடைபாதை என்று ஒன்று கிடையாது. அதற்குள்ளிருந்து ஹைபிரிட் ஒன்று சத்தமில்லாமல் பின்பக்கமாக வெளியே வருகிறது. அங்காலே டியூசனுக்குப் போகிற பிள்ளை சைக்கிளில் வரும். சுன்னாகத்தில் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான வாழ்வகம் இருக்கிறது. அங்கே வளர்ந்தவர்கள் வெள்ளைப் பிரம்போடு இதே தெருக்களில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்கு எஞ்சின் சத்தம்தான் வாகனம். சத்தம் இல்லையென்றால் அந்த இடத்தில் கார் இல்லை.

இந்த இடத்தில் சிலர் கெட்டித்தனமாக ஒன்று சொல்வார்கள்: "அப்ப காது கேளாத சனத்துக்கு என்ன செய்யிறது?" நல்ல கேள்வி. வன்னியில் ஷெல் விழுந்து காது போன சனம் எங்களிடையே கனக்க இருக்கிறது. அவர்களுக்கு 47 டெசிபெலும் ஒன்றுதான், 112 உம் ஒன்றுதான். ஆனால் அதைக் காட்டிச் சத்தத்தை நிப்பாட்ட முடியாது, சத்தம் போட்டதோடு கடமை முடிந்தது என்று ஓட்டுநர் நினைக்கவும் முடியாது. 'பீப் அடிச்சனான், அவர்தான் விலகேல்லை' என்பது சாக்கு. பின்னால் எடுக்கிறவர்தான் பார்க்கவேண்டும், தேவையென்றால் இறங்கிப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு வரும்போதே வெளிச்சத்தில், பாதையைப் பார்த்து, பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்தினால் காலை அவசரத்தில் முன்பக்கமாக வெளியே வரலாம். இதற்கு ஸ்கேனரும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

சத்தம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் சண்டை பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஒரே சுருதியில் அடிக்கிற 'பீப்' எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிடிப்பது கஷ்டம். பல அதிர்வெண்களைக் கலந்து 'ஷ்ஷ், ஷ்ஷ்' என்று ஒலிக்கிற அலாரங்கள் இருக்கின்றன. அவற்றின் திசை சட்டென்று பிடிபடும், தூரப் போனால் கரைந்துவிடும், பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பாது. லொறி வைத்திருப்பவர்கள், பஸ் முதலாளிகள், இறக்குமதி செய்பவர்கள் இதைக் கேட்டு வாங்கினால் தெருவில் பாதி இரைச்சல் குறையும்.

கராஜில் நிற்கிற தம்பி "எல்லாத்தையும் நிப்பாட்டவோ அண்ணை?" என்று கேட்டால், "உள்ளுக்கு இருக்கிறதை மட்டும்" என்று சொல்லுங்கோ. ஏற்கெனவே வெளி ஸ்பீக்கரின் வயரைக் கழட்டி வைத்திருந்தால், அது ஒரு சொக்கற்தான், வெட்டாமல் கழட்டியிருந்தால் திரும்பக் கொழுவலாம். வெட்டியிருந்தால், வெட்டின ஆளிடமே போய் ஒட்டித் தரச் சொல்லுங்கோ.