காளானுக்கு ஒரு மியூசியமா?

‘காளானுக்கெல்லாம் மியூசியமா? வேலையத்தவங்க!’ என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ராஜாவின் வாளையும் ராணியின் ஒட்டியாணத்தையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் வரலாறு. ஜனங்கள் தின்றதை வைத்தால் மட்டும் வேடிக்கையா?

பிரான்ஸில் சோமூர் ஊர் பக்கம் ஒரு காளான் மியூசியம் இருக்கிறது. இருப்பது குகைக்குள்ளே. கட்டடம் கட்டக் கல் வெட்டியெடுத்த பழைய குவாரி அது. கல் போன பிறகு, மிஞ்சிய இருட்டையும் ஈரத்தையும் வைத்துக் காளான் வளர்த்துப் பிழைத்தார்கள். லுவார் ஆற்றங்கரை மாளிகைகளை வாய் பிளந்து பார்க்கிற கூட்டம், இதையும் ஒரு நடை பார்க்க வேண்டும்.

அதே நாட்டில், பெரிகோர் பகுதியில் சோர்ஜ் என்றொரு கிராமம். அங்கே ட்ரஃபிளுக்கு மியூசியம். கேக் கடை சாக்லேட் இல்லை சார். ஓக் மர வேரை ஒட்டி மண்ணுக்குள் வளரும் பூஞ்சை. நாயோ பன்றியோ மோப்பம் பிடித்துக் காட்டினால்தான் உண்டு. நூறு வருஷத்துக்கு முன் பிரான்ஸில் ஆண்டுக்கு சுமார் 1,000 டன் கிடைத்ததாகக் கணக்கு. இப்போது சில பத்து டன்கள்தான். ஏன்? முதல் உலகப் போரில் கிராமத்து ஆண்கள் செத்தார்கள். மிச்சப் பேர் டவுனுக்குப் போனார்கள். கவனிக்க ஆளில்லாமல் தோப்பெல்லாம் புதர் மண்டியது. அப்பன் மகனிடம் மட்டும் ரகசியமாகச் சொன்ன பக்குவமும் அவர்களோடேயே போச்சு. இதைச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

அதற்காக மியூசியக்காரர்களைச் சும்மா விடுவதற்கில்லை. ‘உலகிலேயே விலை உயர்ந்த காளான்’ என்று போர்டு மாட்டுவது சுலபம். 2007-ல் மக்காவு சூதாட்ட அதிபர் ஸ்டான்லி ஹோ ஒன்றரைக் கிலோ வெள்ளை ட்ரஃபிளை 3,30,000 டாலருக்கு ஏலம் எடுத்தார். இந்த பிரமிப்புக்கு மியூசியம் எதற்கு? நகைக்கடை போதும்.

சொல்ல வேண்டிய கணக்கு வேறு. சரக்கு குறைந்து, கேட்கிறவர்கள் கூடினால் என்ன வரும்? டூப்ளிகேட் வரும். வந்தாச்சு. ‘ட்ரஃபிள் ஆயில்’ என்று விற்பதில் பெரும்பாலானவை, சாதாரண எண்ணெயில் 2,4-டைதயாபென்டேன் போன்ற செயற்கை வாசனையைக் கலந்தவை. அந்த பாட்டிலை மட்டுமே மோந்து பழகியவன், ஒரிஜினலைக் கொடுத்தால் ‘வாசனையே வரலையே’ என்று திருப்பித் தருவான். அப்புறம், நாயோடு காட்டில் அலைகிறவன் கதி?

இத்தாலியில் ட்ரஃபிள் தேடும் கலையை 2021-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்லது. ஆனால், பட்டியல் சோறு போடாது. சீசனில் ஒவ்வொரு ட்ரஃபிள் மியூசியமும் மேஜை மேல் இரண்டு கிண்ணம் வைக்கட்டும். ஒன்றில் மண்ணிலிருந்து வந்தது, இன்னொன்றில் பாட்டிலிலிருந்து வந்தது. வருகிறவர்கள் மோந்து பார்த்து வித்தியாசம் தெரிந்துகொண்டு போகட்டும்.

அதைச் செய்யாத மியூசியம், டிக்கெட் போட்ட ஷோரூம்தான்!