எது ஜடம்?

"ஜடம் மாதிரி நிற்கிறாயே!"

மதுரை வீடுகளில் தாய் மகனைத் திட்டும் வார்த்தை இது. கூப்பிட்டால் பதில் இல்லை. சொன்னால் அசைவு இல்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெயர்.

இது வடமொழிச் சொல். விறைத்தது, மரத்துப் போனது, மந்தமானது என்பவை பழைய பொருள்கள். சைவ சித்தாந்தத்தில் அறிவு உள்ளது சித்து. அறிவு இல்லாதது சடம். கல்லும் மண்ணும் நீரும் சடமே.

மதுரைத் தீர்ப்பு

2022 ஏப்ரலில் மதுரை ஐகோர்ட்டு கிளை வேறு விதமாகச் சொன்னது. மேகமலை வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில் தண்டனை பெற்ற வருவாய்த்துறை அலுவலர் தொடர்ந்த வழக்கு அது. நீதிபதி ஸ்ரீமதி, "இயற்கை அன்னை உயிருள்ளவள், அவளுக்கும் உரிமைகள் உண்டு" என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். அவளைக் காப்பது மத்திய, மாநில அரசுகளின் கடமை என்றார்.

இது புதுமையா? அல்ல. கோவில் தெய்வத்தைச் சட்டம் ஒரு நபராகவே ஏற்கிறது. தெய்வத்தின் பெயரில் நிலம் இருக்கலாம், வழக்கும் போடலாம். கம்பெனிக்கும் அப்படியே.

யார் பேசுவது?

சிக்கல் இங்கேதான். தெய்வத்துக்காகப் பேச அறங்காவலர் உண்டு. கம்பெனிக்காகப் பேச டைரக்டர்கள் உண்டு. ஆற்றுக்காகப் பேசுவது யார்?

2017 மார்ச்சில் கங்கையும் யமுனையும் உயிருள்ளவை என்று உத்தரகாண்ட் ஐகோர்ட்டு கூறியது. "வெள்ளம் வந்து சேதமானால் நஷ்டஈடு யார் கொடுப்பது?" என்று அந்த மாநில அரசு கேட்டது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. அதே 2017-இல் நியூசிலாந்து, வாங்கானுயி ஆற்றுக்கு உரிமை தந்து சட்டம் செய்தது. ஆற்றின் சார்பில் பேச ஆட்களையும் நியமிக்க வழி செய்தது. அந்தச் சட்டம் நிலைத்தது.

வைகையின் பதில்

வைகை வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடுகிறது. மதுரையில் பல மாதங்கள் வெறும் மணல், கரையோரம் சாக்கடை. "செத்த ஆறு" என்கிறார்கள். செத்தது என்று பெயர் வைத்துவிட்டால், அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை அல்லவா?

ஆனால் அழகர் இறங்கும் சித்திரையில் அணையிலிருந்து தண்ணீர் விட்டால் வைகை ஓடுகிறது. கழிவை விட்டால் நாறுகிறது. எதைச் செய்தாலும் அது பதில் சொல்கிறது.

பதில் சொல்லாமல் நிற்பது யார்? அவருக்கல்லவா அந்தப் பெயர் பொருந்தும்!