இல்லம் பேணுவோம்: மேலே மாடம், கீழே அறை



கீழறைக்கு மேலே ஒரு திறந்த மாடம் அமைத்துக்கொள்வது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. துணி உலர்த்தவும், வற்றல் காயவைக்கவும், மாலையில் காற்று வாங்கவும் அது உதவுகிறது. ஆனால் நமக்குத் தரையாக இருக்கும் அத்தளம், கீழே படுத்திருக்கும் வயதான உம்மாவுக்குக் கூரை என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அந்த ஒரே தளம்தான் தாங்கியாக வேண்டும்.

கீழறைக் கூரையில் ஈரக்கறை தோன்றினால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கறையின்மேல் வண்ணம் பூசுகிறோம். வெப்பம் மிகுந்தால் அட்டை கட்டி மறைக்கிறோம். நோய் மேலே இருக்க, மருந்தைக் கீழே தடவும் செயல் இது. நீரோ மறைவாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்நெருக்குதலால் கான்கிரீட் வெடித்துப் பாளமாக உதிர்கிறது. உறங்குபவர்மேல் அது விழுந்தால் நிலைமை என்னவாகும்?

முன்னோர் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கித் தளமிட்டனர். அதன்மேல் தட்டோடு பதித்தனர். அது நீருக்கு வாட்டம் தந்தது, வெயிலையும் தணித்தது. இன்றும் அது நல்ல முறையே. எனினும் 10 அடிக்கு 10 அடி மாடத்தில் 4 அங்குலக் கனத்திற்கு அதனை இட்டால், ஒன்றரை டன்னுக்குக் குறையாத பாரம் ஏறும். பொறியாளரைக் கேட்காமல் பழைய தளத்தின்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

பாரம் குறைந்த முறையும் உண்டு. அதில் வரிசை பிறழக் கூடாது. முதலாவது, வாட்டம்: நீர் வெளிப்புறமாக ஓடும்படி 10 அடிக்கு 2 அங்குலச் சரிவு வேண்டும். இரண்டாவது, நீர்க்காப்புப் பூச்சு: அது சுவரோரத்தில் 6 அங்குலமேனும் மேலேற வேண்டும். மூன்றாவது, நீர் உறிஞ்சாத, மிதிபாரம் தாங்கும் கெட்டி நுரைப் பலகை. பெட்டிகளில் பொதிந்து வரும் சாதாரணத் தெர்மோகோல் இதற்கு ஆகாது, அது நசுங்கிவிடும். நனைந்த போர்வை குளிரைத் தடுக்காததுபோல, நீர் ஊறிய பலகை வெப்பத்தைத் தடுக்காது. நான்காவது, மெல்லிய கான்கிரீட்டும் வெண்ணிற ஓடும். இத்தனை அடுக்குகளும் ஏறிய பின்னரும் மாடத்துக் கதவின் வாசற்படி தளத்தைவிட உயர்ந்தே நிற்க வேண்டும். இல்லையேல் தேங்கிய நீர் வீட்டினுள் நுழையும்.

அத்தகைய மாடத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 93 லிட்டர் நீர் சேரும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அக்கணக்கில் 4,500 லிட்டர்! ஒரே குழாயை நம்பலாமா? இரண்டு வடிகுழாய்கள் வையுங்கள். சருகு அடைக்காதபடி வலையிடுங்கள். குழாயின் மறுமுனை அண்டை வீட்டார் முற்றத்தில் நீரைக் கொட்ட வேண்டாம். அது அவர் உரிமையைப் பறிப்பதாகும். நம் நிலத்தின் மழைநீர்த் தொட்டிக்கே அதைக் கொண்டு சேருங்கள்.

பூச்சு உலர்ந்ததும், பலகை வைக்குமுன், வடிகுழாய்களை அடைத்து, மேடான இடத்திலும் ஓரங்குலம் நிற்கும்படி நீர் தேக்குங்கள். இரண்டு நாட்கள் கழித்துக் கீழறைக்குச் சென்று கூரையைத் தடவிப் பாருங்கள். ஈரமில்லையேல் வேலையைத் தொடரலாம். கசிந்தால் அப்போதே சரிசெய்வது எளிது. ஓடு பதித்தபின் அனைத்தையும் உடைக்க நேரிடும்.

கோடையிலேயே இப்பணியை முடித்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் குழாய் வாயைத் துப்புரவு செய்யும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தம் காலடியில் இருப்பது பிறரின் கூரை என்பதை அவர்களும் உணர்ந்து வளரட்டும்!