இடுப்பைப் பிடித்துவிடக் கற்றுக்கொடுங்கள்!

"அம்மா! இடுப்பு விட்டுப்போகுதே!"

பிரசவ வார்டு வாசலில் காத்து நின்றவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். உள்ளே துணைக்கு நிற்கும் தாயோ, மாமியாரோ என்ன செய்கிறார்? கையைப் பிசைகிறார். "பல்லைக் கடிச்சுக்கோடி கண்ணு" என்கிறார். அவ்வளவுதான்!

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று 2004-லேயே திட்டம் வந்தது. மத்திய அரசு 2016-ல்தான் இதற்கு வழிவிட்டது. நாம் முந்திக்கொண்டோம், சபாஷ்! ஆனால் உள்ளே போனவர் சும்மா நிற்பதற்கா போனார்?

அவர் கையிலேயே வைத்தியம் இருக்கிறது. வலி எழும்போது, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற தட்டையான எலும்பின்மீது உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து அழுத்த வேண்டும். தடவினால் போதாது, நல்ல அழுத்தம் வேண்டும். எவ்வளவு என்பதை அந்தப் பெண்ணே சொல்லிவிடுவாள். வலி அடங்கியதும் தோளையும் முதுகையும் மெல்ல நீவிவிடலாம். ஒருக்களித்துப் படுத்தாலும் சரி, கட்டிலைப் பிடித்துக் குனிந்து நின்றாலும் சரி, இதற்குச் சவுகரியம்.

பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம். காலில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, ஏன்? அந்தத் தேய்ப்பு, வலியின் சேதி மூளைக்குப் போகும் வழியை முதுகுத்தண்டிலேயே மறிக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் விளக்கினார்கள். வலி குறைய வேண்டும் என்று கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனமே 2018-ல் பரிந்துரை செய்தது.

வலி அடியோடு போய்விடாது. தாங்கும் தெம்பு வரும். ஊசி வேண்டும் என்று கேட்பவளுக்கு இதைச் சாக்காக வைத்து மறுக்கவும் கூடாது.

ஒன்று முக்கியம். வயிற்றில் கை வைக்காதீர்கள்! பிள்ளை சீக்கிரம் வரட்டும் என்று மேல் வயிற்றை அமுக்குவது ஆபத்து. ரத்தப்போக்கு கண்டாலோ, விட்டு விட்டு வரவேண்டிய வலி விடாமல் நின்றாலோ உடனே நர்சைக் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம்! மாதப் பரிசோதனைக்கு மகளோடு வரும் தாய்மார் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு நர்சு செய்து காட்டலாமே! நர்சுகளுக்குத் தலைக்குமேல் வேலை, தெரியும். அதனால்தான் வாரம் ஒரு நாள் போதும் என்கிறோம். சுகாதாரத் துறை இதற்கு ஓர் உத்தரவு போடட்டும். காலணா செலவில்லை.