தோற்றவருக்குச் சூட்டிய மாலை

வெஸ்ட் பாயிண்ட் படைப்பள்ளியில் 1861 ஜூனில் தேறியோர் 34 பேர். 34-ஆம் இடம் கஸ்டருக்கு! முதலிடம் பெற்றவரை யாருக்குத் தெரியும், தோழர்களே?

பிளாக் ஹில்ஸ் லகோட்டா மக்களுக்கே என 1868-இல் உடன்படிக்கை எழுதியது அமெரிக்க அரசு. 1874-இல் கஸ்டரின் படை அங்கே தங்கம் கண்டது, காகிதம் கந்தலாயிற்று.

1876 ஜூன் 25. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. கேட்லிங் சுழல் துப்பாக்கிகளா? முன்னரே வேண்டாமென்றவர். கூடுதல் குதிரைப்படையா? அதுவும் வேண்டாம். ஊர் மிகப் பெரிதென எச்சரித்தனர் குரோ ஒற்றர்கள். ஒற்றர் பேச்சைத் தளபதி கேட்பதா? இருந்த படையையும் கூறு போட்டார். எதிரிக்கு அந்த வேலையையும் மிச்சப்படுத்திய வள்ளல்! அவரும் உடன் சென்ற இருநூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். சிப்பாய்களை எள்ள மனமில்லை; பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைகள் அவர்களில் பலர்.

பிறகு? தோற்றவர் வீரராம்! பீர் நிறுவனம் அச்சிட்ட அவரது போர்ப்படம் மதுக்கடைச் சுவர்களில் தொங்கிற்று. களத்துக்கும் 1991 வரை அவர் பெயரே. வென்றவர்களின் மலையோ 1877-இல் பறிபோயிற்று. பறித்ததற்கு வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்க 1980-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. லகோட்டா மக்கள் அதைத் தொடவில்லை. மலையைக் கேட்டவரிடம் மடிச்சீலையை அவிழ்க்கிறார்கள்!