யங்கூன் அலுவலகத்தில் இரண்டாவது உலாவி

மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய மூன்றே நாட்களில், 2021 பெப்ரவரி 4 அன்று, முகநூல் முடக்கப்பட்டது. மறுநாள் டுவிட்டரும் இன்ஸ்டகிராமும் முடங்கின. மக்கள் வி.பி.என். வழியே சுற்றிப் போனார்கள். 2024 மே இறுதியில் அந்த வழியும் அடைக்கப்பட்டது. 2025 ஜூலை 30 முதல் நடைமுறையிலுள்ள சைபர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வி.பி.என். அமைப்போருக்கும் வழங்குவோருக்கும் ஒன்று முதல் ஆறு மாதம் வரை சிறை, 10 இலட்சம் முதல் ஒரு கோடி கியாட் வரை தண்டம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தின் நிழல் அலுவலகக் கணினிகள் மீதும் விழுகிறது. எந்த நாட்டிலும் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஓர் உலாவியை மட்டும் அனுமதிப்பது வழக்கம். அதில் நியாயமும் உண்டு. நிர்வாகியின் கண்ணில் படாத இரண்டாவது உலாவி புதுப்பிக்கப்படாமல் கிடந்தால், அந்த ஓட்டை வழியே முழு வலையமைப்புக்குள்ளும் நுழைந்துவிடலாம்.

ஆனால் யங்கூனில் இரண்டாவது உலாவிக்கு வேறு பொருள் இருக்கிறது. டோர் உலாவியும், வி.பி.என். வசதி உள்ளேயே கொண்ட ஒபேராவும் அங்கே செய்தி வாசிப்பதற்கான வாசல்கள். அவற்றைத் தடுக்கும் கருவி தடுப்பதோடு நிற்பதில்லை. யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்குத் திறக்க முயன்றார் என்பதையும் பதிந்து வைக்கிறது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட அந்தப் பதிவு, சோதனைக்கு வருபவர் கையில் சந்தேக நபர்களின் பட்டியலாகிவிடும். வி.பி.என். தேடி வீதியில் கைபேசிகளைச் சோதிக்கும் நகரம் அது.

பட்டியல்கள் கைமாறினால் என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை அடையாளம் காட்டியது வாக்காளர் இடாப்பு. அது கொலைக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. 2007இல் தமிழ்நெட் இலங்கையில் முடக்கப்பட்டபோது, சுற்றுவழி தேடியவர்களும் நாமே.

எமது பிள்ளைகளில் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நிறுவன வலையமைப்புகளை நிர்வகிக்கிறார்கள். யங்கூன் கிளையின் கணினிகளும் அவர்களில் ஒருவரின் பொறுப்பில் இருக்கலாம். உலாவியைத் தடுக்க வேண்டுமாயின் தடுக்கட்டும். ஆனால் எவை பதியப்படுகின்றன என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லட்டும். தேவைக்கு மேல் ஒரு நாளும் பெயர்களைச் சேமித்து வைக்காதிருக்கட்டும். இல்லாத பட்டியலை எவராலும் பறித்துச் செல்ல முடியாது.